முரளி விஷம் குடிக்கவில்லை

சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் கணவனுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். பூச்சிமருந்து குடித்தவனுக்குச் செய்கிற வைத்தியம் அது. அவன் பூச்சிமருந்து குடிக்கவில்லை. அது அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். குழாய் அவன் மூக்கில்தான் இருந்தது. உள்ளே விடுவதற்கு முன்னால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்த மாதிரி எழுதுகிறவர்கள் நோயாளியை 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. முரளி என்றே எழுதுகிறேன். இப்போது அவனுக்கு உடம்பு தேறிவிட்டது. வேலைக்குப் போகிறான். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, எழுது என்றான். என் கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்களில் சிலர் தங்கள் வீட்டு ஆண்களைப் பற்றி என்னிடம் காதோடு காதாகக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எனக்கு அரக்கோணம் பக்கம். ஆந்திராவில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில், சார்ஜர் கேபிள் செய்கிற கம்பெனியில் வேலை. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, பழுதான துண்டைச் சிவப்புத் தட்டில் போடவேண்டும். பழுது கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று எனக்கு அங்கே பெயர். வீட்டில் அந்தக் கெட்டிக்காரத்தனம் என்ன லட்சணத்தில் இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

முரளியின் வீடு புத்தலப்பட்டுக்கு உள்ளே ஒரு மாந்தோட்டத்தில் இருக்கிறது. வீட்டில் பேச்சு தமிழ். படித்தது, கணக்குப் போடுவது, சண்டை பிடிப்பது எல்லாம் தெலுங்கு. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் திருப்பதியில் வாடகைக்கு வந்தோம். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்பால். இடதுபக்க விங்கில் ஆடுவான். நன்றாகவே ஆடுவான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். எந்த ஊரில் போட்டி நடந்தாலும் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு முழங்காலில் அடி. மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டு பல மாதம் சும்மா இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போட்டி நடத்துகிறவர்களுக்குப் பொறுக்குமா? ஆட்டத்துக்கு முன்னால் காருக்குள் உட்காரவைத்து வலி ஊசி போட்டார்கள். இடைவேளையில் இன்னொன்று. பிறகு அவனே ஒரு மெடிக்கல் ஷாப்பில் பழக்கம் பிடித்து வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். வலிக்காக ஊசி போட்டது போய், ஊசி இல்லாவிட்டால் உடம்பு முழுக்க வலி என்று ஆனது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை.

அப்போது நான் பார்த்தது சந்திரகிரியில் ஒரு ஆட்டம் மட்டும். கடைசி நிமிஷத்தில் அவன் கோல் போட்டான். எல்லாரும் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கீழே இறக்கியதும் காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். மாலையை இன்னும் கழற்றவில்லை. வாந்தி எடுத்து நிமிர்ந்தவன் தோளில் கை போட்டு நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் முக்கியமானவர் முரளியின் தாய்மாமன், கார்வேட்டிநகரத்துக்காரர். இவனை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமை அடித்தது அவர்தான். வாந்தி அவர் வேட்டி ஓரத்தில் பட்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது எலி. எங்கள் வீட்டில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று வீட்டையே புரட்டிப் போட்டேன். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினேன், கேஸ் அடுப்பை நகர்த்தினேன், அரிசி டப்பாவைக் கவிழ்த்தேன். முரளியும் என்னோடு சேர்ந்து டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் தேடினான். நாற்றம் அவன் தொடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு தொடையிலும் கிரேப் பேண்டேஜ் சுற்றி, மேலே டிராக் பேண்ட். தசைப் பிடிப்பு, ஆட்டக்காரனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவைத்திருந்தான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி எங்கே போயிற்று? டார்ச்சோடு முட்டிபோட்டுத் தேடிய அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தலப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வாரம் அவனுக்கு ஊசி விற்றுக்கொண்டிருந்த கடையை அதிகாரிகள் பூட்டிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையிலிருந்து அவனுக்கு மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் தண்ணீர், ஓயாத கொட்டாவி, உடம்பெல்லாம் புல்லரிப்பு, பேதி, வாந்தி. சளி முற்றிவிட்டது என்று இருமல் சிரப் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மூடி குடிக்கச் சொன்னால் முழு பாட்டிலையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டான். அந்த சிரப்பில் அவனுடைய ஊசிக்குத் தூரத்துச் சொந்தமான சரக்கு கொஞ்சம் உண்டாம். அவன் உடம்புக்கு அது போதவில்லை. மத்தியானத்துக்கு மேல் வேர்த்து ஊற்றித் தரையில் புரண்டான். மாமனார் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரைக் கேட்டு வாங்கி வந்தார். முரளியின் அம்மா, என் அத்தை, அவளும் நானும் பின்னால் ஏறிக்கொண்டு சித்தூருக்குப் போனோம்.

எமர்ஜென்சியில் இளவயது டாக்டர் ஒருவர் தெலுங்கில் கேட்டார். அத்தை அழுதுகொண்டிருந்தாள், மாமனார் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். நான்தான் பதில் சொல்லவேண்டும். தமிழிலேயே சொல்லியிருக்கலாம், சித்தூரில் தமிழ் புரியாதவர் யார்? அல்லது சிரப் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் கம்பெனியில் கற்ற தெலுங்கைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

"மந்து தாகினாரு, சார்," என்றேன்.

மந்து என்றால் மருந்து என்று மெடிக்கல் ஷாப்பில் கற்றுக்கொண்டிருந்தேன். தாகினாரு என்றால் குடித்தார். சரியான தெலுங்குதான். ஆனால் மந்து என்றால் தெலுங்கில் சாராயமும்தான், மாமரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தும்தான். நம் ஊரிலும் ஒருவன் 'மருந்து குடித்துவிட்டான்' என்றால் இருமல் மருந்தையா நினைப்போம்? டாக்டர் முகம் மாறியது.

"ஏம் மந்து? தோட்டகி கொட்டே மந்தா?" என்று கேட்டார். என்ன மருந்து, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தா என்று அர்த்தம். எனக்குத் தோட்டம் என்பது மட்டும் பிடிபட்டது. கொட்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது குப்பை கொட்டுவது. தோட்டத்து வீட்டிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். தெலுங்கு முழுசாகப் புரியாதபோது 'அவுனு', அதாவது ஆமாம், என்று சொல்லிவிடுவது என் வழக்கம். கம்பெனியில் பாதி நாள் அப்படித்தான் ஓடுகிறது.

"அவுனு, சார்," என்றேன்.

முரளிக்கு அப்போது முழு நினைவு இருந்தது. பத்தாவது வரை தெலுங்கு மீடியம் படித்தவன். அவர் கேட்டதும் நான் சொன்னதும் அவன் காதில் விழுந்தன. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு நடந்தது அரக்கப்பரக்க நடந்தது. குழாய் விட்டார்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி வெளியே எடுத்தார்கள். சிரப்பின் சிவப்பு வந்தது, காலையில் தின்ற இட்லி வந்தது. பூச்சிமருந்தின் வேகத்தை முறிக்கிற ஊசியைப் போட்டார்கள். அந்த ஊசி விஷம் குடித்தவனுக்கு உயிர்காக்கும், குடிக்காதவனுக்கு வாய் உலர்ந்து, இதயம் தடதடத்து, புத்தி பேதலிக்கும். இவன் பிதற்ற ஆரம்பித்தான். லெஃப்டுல காலி, பாஸ் குடுறா என்று கத்தினான். கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். ஆட்டக்காரன் புத்தி போகவில்லை பார் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததை அத்தை பார்த்துவிட்டாள்.

"என் புள்ளைய மருந்து குடிக்க வெச்சிட்டு சிரிக்கிறியேம்மே," என்றாள்.

அந்த வரிதான் ஊருக்குப் போனது. பெண்டாட்டி தொல்லை தாங்காமல் மருந்து குடித்துவிட்டான், அவள் ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் சிரப் பாட்டிலைப் பற்றி அத்தையிடம் சொன்னேன், தாய்மாமனிடம் சொன்னேன், பார்க்க வந்த எல்லாரிடமும் சொன்னேன். சிரப் குடித்தால் வயிறு கழுவுவார்களா என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, எனக்குத் தெரியாமல் நிஜமாகவே குடித்துவிட்டானோ என்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வெளியே வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலிகளில் எல்லாரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், நான் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

விஷம், அடிதடி, விபத்து என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொல்லியாகவேண்டும். எம்.எல்.சி. என்பார்கள். மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். முரளிக்குப் பிதற்றல் தெளிந்திருந்தது. அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதற்காகக் குடித்தாய் என்று தெலுங்கில் கேட்டார். சரி, இப்போது உண்மை வந்துவிடும் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"இன்ட்லோ கொடவ, சார்," என்றான் முரளி.

வீட்டில் சண்டை என்று அர்த்தம். அன்றைக்குப் பார்த்து எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

கான்ஸ்டபிள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் அப்பா அம்மா பெயர், கம்பெனி பெயர், கல்யாணம் எப்போது ஆனது என்றெல்லாம் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே முரளியைப் பார்த்தேன். அவன் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் உடம்பில் எச்சில் பட்டது போல் இருந்தது. கழுவவேண்டும் என்று குழாயடிக்குப் போய் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டரம்மா வந்தார். பூச்சிமருந்து ரத்தத்தில் கலந்தால் நரம்பு வேலைக்கு வேண்டிய ஒரு சத்து குறைந்துவிடும், அதை அளக்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. முரளிக்குக் குறையவே இல்லை. டாக்டரம்மா குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி, டிராக் பேண்டைக் கழற்றச் சொன்னார். அவன் மாட்டேன் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அத்தையை வெளியே அனுப்பிவிட்டு அவரே கழற்றினார், பேண்டேஜை என்னைப் பிரிக்கச் சொன்னார்.

எலி எங்கே செத்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தொடை கட்டை மாதிரி இறுகிக் கறுத்திருந்தது. அங்கங்கே குழி. ஒரு குழியில் விரல் போகும். பேண்டேஜின் கடைசிச் சுற்று சதையோடு ஒட்டி, பிரிக்கும்போது சீழோடு வந்தது. ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சதை மரத்துப்போய், ரத்த ஓட்டம் இல்லாமல் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று டாக்டரம்மா எனக்குத் தமிழில் விளக்கினார். முரளியிடம் எத்தனை நாளாக என்று கேட்டார். முழங்கால் வலிக்கு எப்போதாவது போடுவேன் என்றான். அந்தத் தொடையைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த பதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், இவன் தட்டில் சோறே இல்லை.

அந்த நிமிஷம் விஷமாகவே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போதை மருத்துவமும் அறுவை மருத்துவமும் ஒரே இடத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி திருப்பதியில் உண்டு, அங்கே கொண்டுபோங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பூச்சிமருந்து இல்லை என்று அவர் கான்ஸ்டபிளுக்கும் சொல்லி அனுப்பினார். கான்ஸ்டபிள் அதன் பிறகு வரவில்லை. போலீஸ் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. விஷம் குடித்தவனுக்குத் தொடையில் என்ன ஆபரேஷன் என்று அத்தை கேட்டதற்குத் தாய்மாமன் விளக்கம் சொன்னார். குடித்த விஷம் கீழே இறங்கித் தொடையில் தங்கிவிட்டதாம். ஆம்புலன்சில் படுத்திருந்த முரளி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தான். சிரப்பையே நம்பாதவர்கள், ஊசி என்று நான் சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா?

திருப்பதி ஆஸ்பத்திரியில் முதலில் தொடையைக் கீறிச் சீழையும் செத்த சதையையும் எடுத்தார்கள். தினமும் கட்டு மாற்றுவார்கள். நர்ஸ் பிரிக்கப் பிரிக்க நான் தட்டு ஏந்தி நிற்கவேண்டும். ஈரத் துணியின் கனம் கையில் தெரியும். கட்டு மாற்றிய பிறகு எனக்குச் சாதத்தைப் பார்த்தாலே பிடிக்காது. மாமனார் தினமும் புத்தலப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருவார். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை, ஷிப்டு முடித்துவிட்டு அப்படியே வருவார். எனக்குத் தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டிக்கொண்டு வருவார். பிள்ளை பேதியான துணிகளை என்னைத் தொடவிடாமல் தானே எடுத்துப் போய்த் துவைத்துக் காயவைப்பார். ஒரு நாள் என் நைட்டியையும் சேர்த்துத் துவைத்துவிட்டார். அந்த வீட்டில் என்னை மனுஷியாகப் பார்த்தது அவர் ஒருவர்தான் என்று நினைத்து உருகிப்போனேன்.

பழகிப்போன மருந்தை நிறுத்தினால் உடம்பு செய்கிற ரகளைக்கு வித்ட்ராயல் என்று பெயர். சாவதில்லை, ஆனால் செத்தால் தேவலை என்று கத்துவார்கள். கால் தானாக உதைக்கும். பந்து இல்லாமலே முரளி விடியவிடிய உதைத்தான். அதைத் தணிக்க நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் அந்த இனம்தான், ஆனால் போதை ஏற்றாமல் உடம்பைச் சமாளிக்கவைக்கும், பிரஷர் மாத்திரை மாதிரி ரொம்ப நாள் சாப்பிடவேண்டியிருக்கும் என்றார் மனநல டாக்டர். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு லட்டு கொண்டுவந்தார்கள். ஏழுமலையானுக்கு முடி கொடு, எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குச் சொன்னார்கள். இனிமேல் புருஷனிடம் வாய் பேசாதே என்று எனக்குச் சொன்னார்கள். லட்டை அவன் தின்றான். எனக்குக் கிடைத்ததை நான் விழுங்கினேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவனிடம் கேட்டேன். ஏன் சித்தூரில் வாயைத் திறக்கவில்லை, ஏன் வீட்டில் சண்டை என்று சொன்னீர்கள்?

"வெசம் குடிச்சான்னா பாவம்னுவாங்க. ஊசி போட்டுக்கினான்னா தூன்னு துப்புவாங்க," என்றான்.

"அந்தத் துப்பெல்லாம் என் மூஞ்சில விழட்டும்னு உட்டுட்டீங்களா?"

அழுதான். எனக்கு அந்த அழுகை சீழை விட அருவருப்பாக இருந்தது. சீழாவது கீறினால் வெளியே வந்துவிடுகிறது.

மாமனாரிடம் இதைச் சொல்லி ஆறலாம் என்று நினைத்தேன். வராண்டாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்கு மின்னாடியே தெரியும்மா. தோட்டத்துல ஊசிங்கள பொறுக்கிக்கினுதான் இருந்தேன். எப்படிச் சொல்றது?"

அவர் எல்லாம் தெரிந்துதான் நாற்காலி வரிசையில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தயிர்சாதத்துக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. அன்றைக்கு அதைத் தொடவில்லை. துணியையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அரக்கோணத்திலிருந்து என் அண்ணன் வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றான். நான் போகவில்லை. பாசம், பத்தினித்தனம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் போய்விட்டால், பார்த்தாயா, இவள்தான் காரணம், அதுதான் ஓடிவிட்டாள் என்று கதை முடிந்துவிடும். முரளி வாயாலேயே, அவன் மனுஷர்கள் நடுவிலேயே, நான் காரணம் இல்லை என்று வரவேண்டும். பிறகு இருப்பதா போவதா என்று நான் தீர்மானித்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் நகை போனதைக்கூட நான் அவனிடம் சொல்லவில்லை.

போதை வார்டில் வீட்டாரைக் கூட்டிவைத்துப் பேசவைப்பார்கள். நோயாளி தானே தன் வியாதியைச் சொல்லவேண்டும். அத்தை, மாமனார், நான் மூவரும் உட்கார்ந்தோம். முரளி, மருந்துக்கு அடிமையாகிவிட்டேன் என்று சொன்னான். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"டாக்டர் குடுக்கற மருந்துதானே? அத்துல இன்னா தப்பு கீது? ஒடம்புக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்," என்றாள்.

கவுன்சலர் முரளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இல்லைம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அத்தை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கதையில் பெண்டாட்டி தொல்லையும் இருந்தது, மருந்து ஒத்துக்கொள்ளாததும் இருந்தது. ஊசி மட்டும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், அதை நான் நேரில் பார்த்தேன்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம் என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூட வேலை போய்விட்டது. விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் சேர்ந்தான். மாத்திரையை என் எதிரில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துவிட்டுத்தான் கிளம்புவான். நடுவில் ஒரு தடவை பழைய கூட்டாளி ஒருவனிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்று, போட்டுக்கொண்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். ஆனால் அவன் தானாக வந்து சொன்ன முதல் உண்மை அதுதான் என்பது ஆட்டோவில் போகும்போது உறைத்தது. அப்படி ஆவது உண்டு, திரும்பி வந்தது பெரிசு என்று டாக்டர் சொன்னார். தொடையில் தோல் ஒட்டுப்போட்டு ஆறிவிட்டது. நாற்றம் போய்விட்டது. எனக்கு மட்டும் சில நாள் அது திடீரென்று வரும், எழுந்து ஜன்னலைத் திறப்பேன்.

போன மாசி மாதம் கார்வேட்டிநகரத்தில் தாய்மாமன் மகளுக்குக் கல்யாணம். சொந்தம் மொத்தமும் வந்திருந்தது. நான் வரவில்லை என்றேன். நீ வா என்றான் முரளி, காரணம் சொல்லவில்லை. பந்தியில் அவனை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், என்ன இருந்தாலும் ஆட்டக்காரன். இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. இடம் கிடைக்காமல் நான் தூணருகில் நின்றுகொண்டிருந்தேன். தாய்மாமன் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இனிமேட்டாவது புள்ளைய திட்டாத பாத்துக்கம்மா. மறுபடியும் மருந்து கிருந்து குடிச்சிடப் போறான்," என்றார்.

பந்தியே சிரித்தது. தெலுங்குக்காரர்களுக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். அத்தை எதிர்வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் காது எரிந்தது. செருப்பை எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"மாமா, நான் வெசம் குடிக்கல," என்றான் முரளி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசைக்குக் கேட்டது. தாய்மாமன், சரி சரி உடுறா என்றார். அத்தை, டேய் துன்னுடா முதல்ல என்றாள்.

"ஊசி போட்டுக்கினு இருந்தேன். போதை ஊசி. தொடையில போட்டு அழுகிப்போச்சி. ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன், போலீசுகிட்ட இவ பேரச் சொன்னேன். இவ ஒண்ணும் பண்ல."

சாதம் பரிமாறிக்கொண்டு வந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். அதே பேச்சை முரளி இன்னொரு தடவை தெலுங்கில் சொன்னான். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் விளங்கவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, நிதானமாக, மூடி மறைக்காமல் சொன்னான். அவன் பயந்த முகங்கள் எல்லாம் அவன் பயந்தபடியே மாறின. பக்கத்து இலையில் இருந்தவர் தூரத்து உறவு, சந்திரகிரி போட்டோவில் இவன் தோளில் கை போட்டிருந்தவர்களில் ஒருவர். அவர் முதலில் வேட்டியை இழுத்து ஒதுக்கிக்கொண்டார். பிறகு இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார்.

முரளி தலை குனிந்திருந்தான். இலையில் இருந்த ஊறுகாயை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இப்போது ஓர் இடம் காலியாக இருந்தது.

நான் போய் அங்கே உட்கார்ந்தேன். கரண்டியோடு நின்றவரைப் பார்த்து, "அண்ணா, இங்க ஒரு எல போடுங்க," என்றேன்.